நடுவில் இல்லாத குழி

கொச்சங்காடியில் ராமாத்தாள் வீடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரன் மறுபேச்சுப் பேசாமல் வாசலில் கொண்டுவந்து இறக்குவான். நாற்பத்திரண்டு வருஷமாக அங்கே ரவிக்கை தைக்கிறேன். குஜராத்தி ரோட்டுக்காரர்கள், கொங்கணிக்காரர்கள், எங்கள் தமிழ்க் குடும்பங்கள் என்று மட்டாஞ்சேரியில் என் கை படாத கல்யாணம் குறைவு. தோள் இறங்குகிறது, கை பிடிக்கிறது என்று ஒரு புகார் வந்ததில்லை. வந்தால் அது உடம்பின் குற்றமாக இருக்கும், என் கத்தரியின் குற்றமாக இருக்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

வயது அறுபத்தெட்டு. இரண்டு கண்ணில் ஒன்றுதான் வேலை செய்கிறது. இடது கண் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போய்விட்டது என்றால் முழு இருட்டு இல்லை. ஓரமெல்லாம் தெரியும், நடுவில் மட்டும் ஓர் அழுக்குத் திட்டு. எதிரே நிற்பவரின் காது தெரியும், மூக்கு தெரியாது. வயதானால் வருகிற நோய் இது. கண்ணுக்குள் பின்சுவரில், நாம் உற்றுப் பார்ப்பதற்கென்று கடுகளவு இடம் ஒன்று இருக்கிறதாம். அதற்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிய ஆரம்பிக்கும். கசிந்தால் நடுப்பார்வை போச்சு. கசியாமலிருக்கக் கண்ணிலேயே ஊசி போடுவார்கள். கேட்டால் உடம்பு கூசும், ஆனால் பழகிவிடும். பிறகு நோய் வந்த வலது கண்ணில் நான் பதினோரு ஊசி போட்டுக்கொண்டாயிற்று. இந்த ஒரு கண்ணும் போனால் தையல் மிஷின் முன்னால் உட்கார முடியாது. மிஷின் முன்னால் உட்காராத ராமாத்தாளை எனக்கே அடையாளம் தெரியாது.

இடது கண் எப்படிப் போனது என்று கேட்டால், என் மருமகள் மஞ்சுஷாவால் போனது என்று கொச்சங்காடி முழுக்கச் சொல்வார்கள். சொன்னவள் நான்தான். அப்போது இடது கண்ணில் நோய் ஆரம்பம், மாதாமாதம் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த மாதம் மஞ்சுஷா அவள் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று கொல்லங்கோட்டுக்குப் பத்து நாள் போனாள். என் மகன் ஜிதினுக்குக் கப்பல்துறையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. தேதி தள்ளிப்போனது. அவள் திரும்பி வந்து என்னைக் கூட்டிப்போன அன்று கண்ணுக்குள் ரத்தம் கொட்டியிருந்தது. நீ போன பத்து நாளில் என் கண்ணும் போச்சு என்று ஆஸ்பத்திரியில் நாலு பேர் இருக்கும்போதே சொன்னேன். அப்புறம் துணி கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அன்று முதல் அவள் என்னோடு கண் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. சோறு போடுவாள், சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுவாள், ஆஸ்பத்திரி நாளன்று ஆட்டோ பிடித்து அனுப்பிவிடுவாள். கோபம் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை படம் எடுக்கப் போனேன். எங்கள் ஆஸ்பத்திரி சின்னது. டாக்டர் விஸ்வேஸ்வரன், படம் எடுக்கிற அஞ்சனா, சீட்டு எழுத ஓர் ஆள், அவ்வளவுதான். டாக்டர் பாலக்காட்டுத் தமிழர், கோபமே வராத மனிதர். அதனாலேயே அவரிடம் எனக்குச் சில சமயம் கோபம் வரும். மூன்று தடவையாக என் கண் கசிவில்லாமல் உலர்ந்துதான் இருக்கிறது என்று போன முறை சொல்லியிருந்தார். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வந்திருக்கிறது, கண் படத்தைக் கொடுத்தால் அடுத்த மூன்று மாதத்தில் நோய் திரும்பி வருமா வராதா என்று நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும், குறைவாகச் சொன்னால் ஊசியை நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்றும் சொல்லியிருந்தார்.

குறைவாகத்தான் சொல்லும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் கட்டம் போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது, நடுவில் ஒரு புள்ளி. தினமும் காலையில் ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் அதைப் பார்க்க வேண்டும். கோடு வளைந்து தெரிந்தால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தவறாமல் பார்த்திருக்கிறேன். ஒரு கோடு வளைந்ததில்லை. அந்த தைரியத்தில் ஒரு கல்யாண ஆர்டரையும் ஒத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கே கிளம்பினேன்.

அஞ்சனா என்னைப் படம் எடுக்கிற மிஷினில் உட்காரவைத்தாள். மோவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியை ஒட்டி, உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே சிவப்பாக ஒரு சதுரம், நடுவில் பச்சையாகக் கூட்டல் குறி மாதிரி ஒரு வெளிச்சம். நான் சிலையாக உட்காருவேன், கண்ணைச் சிமிட்ட மாட்டேன். அம்மா மாதிரி அசையாமல் இருக்க யாராலும் ஆகாது என்று அஞ்சனா ஒவ்வொரு தடவையும் சொல்வாள். அன்றைக்கும் சொன்னாள். படத்தின் தரம் பத்துக்கு ஒன்பது என்று மிஷின் காட்டியது.

கால் மணி நேரத்தில் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நூற்றுக்கு எட்டு. நோய் திரும்பி வர நூற்றில் எட்டு வாய்ப்புதான். "ஊசி வேண்டாம். மூணு மாசம் கழிச்சு வந்தாப் போறும்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து கும்பிடு போட்டுக் கிளம்பியிருக்க வேண்டியவள்தான். அவர் நல்ல மனுஷர் பாருங்கள், நீங்களே பாருங்கோ என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

கண்ணின் பின்சுவரைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று காட்டுகிற படம் அது. துணிமேல் துணி வைத்த மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே ஓரிடத்தில் சின்னப் பள்ளம். அது என்ன என்று கேட்டேன். அதுதான் உற்றுப் பார்க்கிற இடம், எல்லோருக்கும் அங்கே ஒரு குழி உண்டு, படத்துக்கு நடுவில் இருக்கும் என்றார்.

என் படத்தில் குழி நடுவில் இல்லை. வலது ஓரமாக, பாதி வெட்டுப்பட்டு, மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது நடுவுல இல்லியே டாக்டரே" என்றேன்.

கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது, உங்களுக்கு எப்போதுமே அப்படித்தான், பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் பாதகமில்லை என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. முன்கழுத்தின் நடு ஒரு விரற்கடை தள்ளிப்போனால் அந்த ரவிக்கையை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன், பிரித்துப்போட்டு மறுபடி தைப்பேன். கம்ப்யூட்டர் எந்த இடத்தைப் பார்த்து எட்டு என்று சொன்னது என்று கேட்டேன். படத்தின் நடு வட்டத்தை என்றார். அந்த வட்டத்தில்தான் குழி இல்லையே, அப்புறம் எதைப் பார்த்தது என்று கேட்டேன். வெளியே பதினைந்து பேர் காத்திருக்கிறார்கள் என்றார். பதினைந்து பேருக்கும் இரண்டிரண்டு கண் இருக்கும், எனக்கு ஒன்றுதான் இருக்கிறது என்றேன். நான் பேச ஆரம்பித்தால் அப்படித்தான்.

நான் எழுந்திருக்கவில்லை. படத்தின் தரம் பத்துக்கு ஒன்பது என்று அவர் தாளைக் காட்டினார்.

"துணி நல்ல துணிதான் டாக்டரே. வெட்டுனதுதான் கோணல். வேற எடுத்துத் தாங்க, நான் போறேன்."

அவர் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் அஞ்சனாவைக் கூப்பிட்டார். அவள் சொன்னது இதுதான்: மிஷின் புதிதாக இடம் தேடுவதில்லை. ஒருவருக்கு முதல் தடவை எந்த இடத்தில் படம் எடுத்ததோ, அடுத்தடுத்த தடவையும் அதே இடத்தைத் தேடிப் பிடித்து எடுக்கும். எனக்கு முதல் படம் எடுத்தபோதே நடு தப்பியிருக்கிறது. அதற்கப்புறம் எடுத்ததெல்லாம் அதே தப்பின் நகல். பழசை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு படம் எடு என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மறுபடி மோவாயை வைத்தேன். இந்தத் தடவை அஞ்சனா படத்தை எடுக்காமல் நிறுத்திவிட்டு, எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். பார்க்க வேண்டிய இடத்தைத்தான் என்றேன். பச்சை வெளிச்சத்தையா என்றாள். இல்லை, அதற்கு வலப்பக்கம், சிவப்பு முடிகிற ஓரத்தை என்றேன்.

"அது எந்தினா அம்மே? பச்ச நோக்கான் அல்லே பறஞ்ஞது?" அது எதற்கு, பச்சையைத்தானே பார்க்கச் சொன்னேன் என்றாள்.

"ஊசியப் பாத்து யாராச்சும் தைப்பாங்களா மோளே?"

அவளுக்கு விளங்கவில்லை. தையல் பழகும்போது முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தையல் கோணிப்போகும். துணியின் ஓரத்தைப் பார்க்க வேண்டும், ஊசி தானாக நேரே போகும். நாற்பத்திரண்டு வருஷம் அப்படியே பார்த்த கண். யாராவது எதையாவது காட்டி நேராக இருக்கிறதா பார் என்றால் என் கண் தானாக ஓரத்துக்குப் போய்விடும். நேராகப் பார்க்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருப்பேன்.

பச்சையை மட்டும் பாருங்கள் என்றாள். பார்த்தேன். கண் நழுவி ஓரத்துக்கு ஓடியது. தலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். மறுபடியும் ஓடியது. சரியான பிடிவாதம் பிடித்த கண், என்னைப் போலவே. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பச்சையையே முறைத்துப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. கூட்டல் குறியின் கீழ்க்கால் நேராக இல்லை. முழங்காலில் மடங்கின மாதிரி வளைந்து நின்றது.

பயந்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன். மிஷினின் காலைப் பிடித்துக்கொண்டேன். இடது கண்ணைப் போல இதுவும் போகப்போகிறது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம், போகவில்லை, இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுடி படத்தை என்று அஞ்சனாவிடம் சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்தேன்.

புதுப் படத்தில் குழி கச்சிதமாக நடுவில் இருந்தது. அதற்கு நேர் கீழே, கடைசி அடுக்கு மட்டும் லைனிங் துணி விட்டுப்போன மாதிரி லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கம்ப்யூட்டர் இந்தத் தடவை நூற்றுக்கு எழுபத்தாறு என்றது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். இன்னும் நீர் கோக்கவில்லை, ரத்தமும் இல்லை, ஆனால் வருவதற்கான ஏற்பாடெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்றார். மூன்று மாதம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

"இன்னிக்கே ஊசி போட்டுடலாம். நாலு வாரத்துக்கு ஒரு தரம் வரணும். சரியான நேரத்துல பிடிச்சுட்டேள், இந்தக் கண்ணைக் காப்பாத்திடலாம்" என்றார்.

போடுங்கள் என்றேன். ஊசி வேண்டாம் என்று கேட்கத்தான் கிளம்பி வந்தேன், நானே சண்டை போட்டு ஊசியை வாங்கிக்கொண்டேன். ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது. எதிராளி எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவிட்டால் எனக்குப் பயம் போய்விடும்.

மரத்துப்போக மருந்து விட்டுவிட்டு, இருபது நிமிஷம் உட்காரச் சொன்னார்கள். அந்த இருபது நிமிஷம்தான் பொல்லாதது. வீட்டுச் சுவரில் ஒட்டிய தாளை நினைத்தேன். தினமும் காலையில் அதன் முன்னால் நின்று நான் எதைப் பார்த்தேன்? புள்ளியையா? தாளின் ஓரத்தை. ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், கண்ணில் கோட்டை வளைக்கிற இடம் கட்டத்தைத் தாண்டி வெறும் சுவரில் விழும். சுவரில் என்ன கோடா இருக்கிறது வளைவதற்கு? வலது கண்ணுக்கு இப்படிப் பார்த்தேன். இடது கண்ணுக்கும் இப்படித்தானே பார்த்தேன்.

டாக்டரின் அறைக்கு எழுந்து போனேன். இடது கண்ணின் பழைய படங்களைக் காட்டுங்கள் என்றேன். இப்போது எதற்கு அது என்றார். காட்டுங்கள் என்றேன். அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். அவற்றிலும் குழி நடுவில் இல்லை. அவர் ஓரத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கண் போனதற்கு நாலு மாதம் முன்னால் எடுத்த படத்திலேயே ஓரத்து மங்கலுக்குள் ஒரு வீக்கம் ஆரம்பித்திருந்தது. அதற்கடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதாக. "நான் நடுவை மட்டும்தான் பாத்தேன் அம்மா. ஓரத்தைப் பாக்கலை. என் தப்பும் இருக்கு" என்றார். அவர் ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். என் தப்பு என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதை யார் தலையில் கட்டியிருந்தேன் என்பதும் தெரிந்துவிட்டது.

ஊசி போட்டார்கள். ஒரு நிமிஷ வேலை. வலது கண்ணுக்கு மேல் மூடி வைத்து ஒட்டினார்கள். எப்போதும் மூடியோடு ஆட்டோவில் தனியாகத்தான் போவேன். அன்றைக்கு மஞ்சுஷாவுக்கு போன் போடு என்று அஞ்சனாவிடம் சொன்னேன். வந்து கூட்டிப்போகச் சொல் என்றேன்.

அவள் ஸ்கூட்டரில் பத்து நிமிஷத்தில் வந்தாள். காலடிச் சத்தம் ஓடி வருவது கேட்டது. இடது கண்ணுக்கு அவள் காதும் தோளும் தெரிந்தன, முகம் தெரியவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டாள். வலது கண்ணும் போய்விட்டது என்று நினைத்திருக்கிறாள் பாவம்.

அவளை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் பழி சொன்னது ஓரமாக இல்லையே. காத்திருந்தவர்களில் எனக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர்களே நாலைந்து பேர் இருந்தார்கள். நன்றாகக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"இந்தக் கண்ணு இருக்கு, ஒன்னும் ஆகல. அந்தக் கண்ணு போனதுக்கு நீ காரணம் இல்ல மோளே. நான்தான். பாக்க வேண்டிய எடத்த விட்டுட்டு ஓரத்தப் பாத்துட்டு நின்னேன். ஊரெல்லாம் உன்னச் சொன்னேன். தப்பு."

மஞ்சுஷா அழுவாள், இல்லாவிட்டால் இரண்டு வருஷத்தையும் சேர்த்து வைத்து நாலு வார்த்தை கேட்பாள் என்று நின்றேன். கேட்டால் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. அறை வாசலில் வந்து நின்ற டாக்டரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"சாரே, நான் அந்தப் பத்து நாள் கொல்லங்கோட்டுக்குப் போகாம இருந்திருந்தா, கண்ணு நின்னிருக்குமா?"

"இல்லை. நாலு மாசம் முன்னாலயே ஆரம்பிச்சுடுத்து. நீ போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார் அவர்.

"உறப்பா? நிச்சயமாவா?"

"உறப்பு."

மஞ்சுஷா பக்கத்திலிருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஸ்கூட்டர் சாவி கையிலிருந்து விழுந்ததைக்கூட எடுக்கவில்லை. அவளுக்கு என்மேல் கோபம் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோபமே இல்லை. நான் சொன்னதை அவள் நம்பியிருந்தாள்.

பெஞ்சைத் தடவிப் பார்த்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கை என் மடியில் வந்து விழுந்தது. அடுத்த தேதி நாலு வாரம் கழித்துச் செவ்வாய்க்கிழமை என்று அஞ்சனா சீட்டை நீட்டினாள். நான் கையை நீட்டுவதற்குள் மஞ்சுஷா அதை வாங்கிப் படித்து, மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.